யார் நினைப்பால் புரையேறுகிறது?

சாப்பிடும்போது ஒருவருக்குப் புரையேறினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லி உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டுவது நமது வீடுகளில் நெடுங்கால வழக்கமாய் இருந்து வருகின்றது. வெளியூரில் இருக்கும் மகள் நினைத்தாளோ, கடன் கொடுத்தவன் நினைத்தானோ என்று சிரித்துப் பேசிக்கொள்ளுவதும் உண்டு. நல்ல உடம்புக்காரன் விஷயத்தில் இது வெறும் வேடிக்கைப் பேச்சாகவே போய்விடும். அவன் இரண்டு தரம் இருமித் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சோற்றில் கை வைப்பான். ஆனால், பக்கவாதம் கண்டு படுத்திருக்கும் ஒரு மனிதனுக்குப் புரையேறும்போதும் நாம் இதே பேச்சைப் பேசி, இதே தட்டைத் தட்டிக்கொண்டிருப்போமானால், அது வேடிக்கையாகாது; அந்த மனிதனின் உயிரோடு விளையாடுவதேயாகும் என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

பக்கவாதம் என்றால் அது கை கால்களைப் பற்றிய வியாதி என்றே நமது ஜனங்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். கை தூக்க வருகின்றதா, கால் ஊன்ற வருகின்றதா, பேச்சு வருகின்றதா என்று விசாரிப்பார்களே ஒழிய, தொண்டை வேலை செய்கின்றதா என்று விசாரிப்பவர் மிக மிக அரிது. உண்மையிலோ, பக்கவாதம் மூளையைப் பற்றிய வியாதியாகும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டோ, வெடித்தோ மூளையின் ஒரு பாகம் கெட்டுப்போவதால், அந்தப் பாகம் எந்த எந்த உறுப்பை நடத்தி வந்ததோ அந்த அந்த உறுப்பின் வேலை தடைப்பட்டு விடுகின்றது. விழுங்குவதை நடத்துவதும் அதே மூளைதான் என்பதை மாத்திரம் நாம் மறந்துவிடுகின்றோம்.

விழுங்குவது என்பது என்ன? வாயில் போட்டதை உள்ளே தள்ளுவதுதானே, இதில் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். இதை வாசிக்கும் தோழர்கள் இப்போதே குரல்வளை மீது இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஒரு தரம் எச்சிலை விழுங்கிப் பார்க்கட்டும். குரல்வளை மேலே எழும்பிப் பின் இறங்குவது விரலுக்குத் தெரியும். அந்த ஒரு வினாடிக்குள் நடக்கும் காரியங்கள் பல. தொண்டையில் முன்பக்கம் மூச்சுக் குழாயும் பின்பக்கம் உணவுக் குழாயுமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் மேலே தொண்டை ஒன்றே. நாக்கு உணவைப் பின்னே தள்ளுகின்றது, மூக்குக்குப் போகும் வழி மூடுகின்றது, மூச்சு நிற்கின்றது, குரல்வளை எழும்பி முன்னே வருகின்றது, அதன் மூடி சாய்ந்து மூச்சு வழியை அடைக்கின்றது, உணவுக் குழாயின் வாய் திறக்கின்றது, உணவு இறங்கியவுடன் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. முப்பதுக்கு மேற்பட்ட தசைகள் ஒன்றையொன்று முந்தாமலும் பிந்தாமலும் இந்த வேலையைச் செய்கின்றன. இப்படி நாம் ஒவ்வொருவரும் ஒரு நாளைக்குச் சுமார் 600 தடவை விழுங்குகின்றோம். தூங்கும்போது கூட எச்சிலை விழுங்குகின்றோம். இந்த ஒழுங்கில் அரை வினாடி தவறினாலும் உணவு மூச்சுக் குழாய்க்குள் போகும். அதுதான் புரை. அதற்கும் மற்றொருவர் நினைப்பதற்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை.

நிற்க, பக்கவாதம் கண்டவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஒழுங்கு கெடுகின்றது என்று பார்ப்போம். அதுவரை வெளிவந்திருந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்து ஆராய்ந்து 2005-ல் கனடா நாட்டார் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மேலெழுந்தவாரியான பரீட்சை செய்தால் 100-க்கு 37 முதல் 45 பேருக்கும், தேர்ந்தவர் நேரில் பரிசோதித்தால் 51 முதல் 55 பேருக்கும், எக்ஸ்-ரே முதலிய கருவிகளைக் கொண்டு உள்ளே பார்த்தால் 64 முதல் 78 பேருக்கும் விழுங்குவதில் கோளாறு தென்பட்டது. அதாவது, எவ்வளவுக்கெவ்வளவு நன்றாகப் பார்க்கின்றோமோ அவ்வளவுக்கவ்வளவு கோளாறு அதிகமாய்த் தெரிகின்றது. விழுங்குவதில் கோளாறு உள்ளவருக்கு நிமோனியாச் சுரம் வரும் அபாயம் இல்லாதவரைவிடச் சுமார் 3 மடங்கு என்றும், உணவு மூச்சுக் குழாய்க்குள் இறங்குவதாகவே கண்டறியப்பட்டவருக்கு அது சுமார் 11 மடங்கு என்றும் அதே கணக்குச் சொல்லுகின்றது.

ஆகவே, "பக்கவாதத்தில் படுத்தார், பத்து நாள் நன்றாய்த்தான் இருந்தார், அப்புறம் சளி கட்டிக் காய்ச்சல் வந்து போய்விட்டார், அவருடைய நாள் முடிந்தது" என்று நாம் கேள்விப்படும் சாவுகளில் பலவற்றில் முடிந்தது நாள் அல்ல, நாம் ஊற்றிய கஞ்சியும் காப்பியுமே சுவாசப்பையில் போய்ச் சேர்ந்தது என்று சந்தேகிக்க நியாயம் இருக்கின்றது.

இதில் மற்றொரு பெரிய மோசம் உண்டு. நல்ல மனிதனுக்குப் புரையேறினால் இருமல் வரும். பக்கவாதக்காரருக்குத் தொண்டையின் உணர்ச்சியே மரத்துப் போயிருக்கலாம்; அப்பொழுது தண்ணீர் மூச்சுக் குழாயில் இறங்கினாலும் இருமல் வராது. சத்தமில்லாமல் ஏறுகிற இந்தப் புரைதான் எல்லாவற்றிலும் கொடியது. "இருமவில்லையே, நன்றாய்த்தான் குடிக்கிறார்" என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே காரியம் கெட்டுக்கொண்டிருக்கும். குடித்தபின் குரல் நீர் தளும்புவதுபோல் கரகரப்பது, ஒரு பக்கக் கன்னத்தில் சோறு தங்கிவிடுவது, வாயோரம் எச்சில் வழிவது, ஒரு பிடி சோற்றுக்கு அரைமணி நேரம் ஆவது, காரணம் தெரியாத காய்ச்சல் அடிக்கடி வருவது ஆகியவைகளே அதற்கு அடையாளங்கள். இவற்றைக் கண்ணும் காதும் உள்ள எவரும் கவனிக்கலாம்.

இப்படியிருக்க, ஒருவர் திடீரென்று வாய் கோணி, பேச்சுக் குழறி விழுந்தால் நமது தெருக்களில் நடப்பது என்ன? ஒருவர் சோடா உடைக்க ஓடுகிறார். ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் என்கிறார். வயதானவராய் இருந்துவிட்டாலோ, "எதற்கும் ஒரு வாய்ப் பால் ஊற்றிவிடுங்கள், கட்டை நிம்மதியாய்ப் போகட்டும்" என்று உத்தரவு பிறக்கின்றது. மகன் ஒரு கரண்டி, மகள் ஒரு கரண்டி, பேரன் ஒரு கரண்டி என்று மல்லாந்து கிடக்கும் மனிதனின் வாயில் வரிசையாய் ஊற்றுகின்றார்கள். போகாத உயிரைப் போக வைப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்றைப் பகைவன் கூடச் செய்ய முடியாது. ஊற்றுகிறவர்கள் பகைவர்கள் அல்ல, கண்ணீரோடு ஊற்றுகின்றார்கள். ஆனால், ஊற்றுகிறவன் கண்ணில் நீர் இருப்பதால் ஊற்றப்பட்ட பால் வழி மாறி இரைப்பைக்குப் போய்விடாது. விழுந்தவர் வாயில் மருந்தோ மாத்திரையோ தண்ணீரோ எதுவும் போடாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குச் சொல்லி, மூளைப் படம் எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போவதுதான் அந்த நேரத்து அன்பு. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரந்தான் கெடு.

இனி, ஆஸ்பத்திரிக்குப் போய் உயிர் பிழைத்து வீடு திரும்பியவர் சங்கதியைப் பார்ப்போம். இவருக்கு வாயால் சாப்பிட வரவில்லை என்றால், "விதி" என்று ஒரு கூட்டமும், "புறா இரத்தம் கொடு, புறாக்கறி கொடு" என்று ஒரு கூட்டமும், "நேர்ந்துகொள்" என்று ஒரு கூட்டமும் வந்து சேருகின்றன. இவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் கட்சிக்குச் சாட்சியும் வைத்திருக்கின்றார்கள். "இன்னாருக்கு இப்படித்தான் இருந்தது, புறா கொடுத்தோம், ஒரு மாதத்தில் சாப்பிட ஆரம்பித்தார்" என்பார்கள். அது பொய்யல்ல, அவர் சாப்பிட ஆரம்பித்தது மெய்தான். ஆனால் அது புறாவினால்தான் என்பதற்கு அத்தாட்சி எங்கே? பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி கெட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது தானாகவே ஓரளவு திரும்புகின்றது. எதையும் கொடுக்காவிட்டாலும் திரும்பியிருக்கக்கூடியதை, கொடுத்த வஸ்துவின் கணக்கில் வரவு வைப்பதுதான் மூடநம்பிக்கையின் வியாபார ரகசியம். அன்றியும், திரும்பாதவர்களையும், திரும்புவதற்குள் நிமோனியாவில் மாண்டவர்களையும் யாரும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை.

இந்தக் கேள்வியைப் புறாக்காரரிடம் மாத்திரம் கேட்டுவிட்டு டாக்டரிடம் கேட்காமல் விட்டால் நாம் பகுத்தறிவுக்காரர் ஆகமாட்டோம். "பயிற்சி கொடுத்தால் விழுங்க வரும் என்கிறீர்களே, அது தானாக வந்ததா, பயிற்சியால் வந்ததா?" என்று அவர்களையும் கேட்க வேண்டும். கேட்டால் அவர்களிடம் பதில் இருக்கின்றது. ஆஸ்திரேலியா நாட்டில் பெர்த் நகரத்து ஆஸ்பத்திரியில் இந்தக் கேள்விக்காகவே 306 பக்கவாத நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்று சமபாகமாய்ப் பிரித்தார்கள். 102 பேருக்கு வழக்கமான கவனிப்பு. 102 பேருக்குக் கொஞ்சம் பயிற்சி. 102 பேருக்குத் தினசரி தீவிரப் பயிற்சி. முடிவு 2006-ல் வெளியாயிற்று. ஆறு மாதத்துக்குப் பின் உயிரோடிருந்து சாதாரண உணவு சாப்பிட்டவர்கள், பயிற்சி இல்லாத 102 பேரில் 57 பேர். பயிற்சி பெற்ற 204 பேரில் 136 பேர். அதாவது 100-க்கு 56, 67. இந்த வித்தியாசம் தற்செயலாய் வந்திருக்கவே முடியாது என்று சொல்லும் அளவுக்கு அந்த ஒரு கணக்கு மாத்திரம் போதாது. ஆனால், நெஞ்சுச் சளிச்சுரம் முதலிய கேடுகள் குறைந்ததும், விழுங்கும் சக்தி திரும்பியவர் தொகை கூடியதும் தெளிவாகவே தெரிந்தன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், பயிற்சியே இல்லாதவர்களிலும் பாதிக்கு மேல் தேறியதை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள் என்பதாகும். எண்ணிப் பார்க்கிறவனுக்கும் நம்பச் சொல்கிறவனுக்கும் உள்ள பேதம் இதுதான்.

கெட்டுப்போன மூளை எப்படிக் கற்றுக்கொள்ளும் என்ற கேள்விக்கும் விடை உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் ஷாஹீன் ஹாம்டி என்பவரும் அவர் கூட்டத்தாரும் 1996-லும் 1998-லும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், தலைக்கு மேல் காந்தக் கருவியை வைத்துச் சோதித்து, விழுங்கும் வேலைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலும் இடம் இருக்கின்றது என்றும், ஒரு பக்கத்தில் அது பெரிதாகவும் மறுபக்கத்தில் சிறிதாகவும் இருக்கின்றது என்றும் காட்டினார்கள். பக்கவாதத்துக்குப் பின் யாருக்கு விழுங்க வந்ததோ, அவர்களுக்குக் கெடாத பக்கத்தில் அந்த இடம் விரிந்திருந்தது. அண்ணன் படுத்துவிட்டால் தம்பி வேலை கற்றுக்கொண்டு குடும்பத்தை நடத்துவது போன்றது இது. தம்பிக்கு வேலை பழக்க வேண்டுமானால் வேலை கொடுக்க வேண்டும். அந்த வேலை கொடுப்பதற்குப் பெயர்தான் அப்பியாசம்.

அந்த அப்பியாசங்கள் என்ன என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ளட்டும். ஒன்று, முழுப் பலத்தையும் கொண்டு அழுத்தி விழுங்குவது. மற்றொன்று, விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பிய நிலையிலேயே இரண்டொரு வினாடி அதைப் பிடித்து நிறுத்துவது. மூன்றாவது, மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்காமல் தலையை மாத்திரம் கால் விரல் தெரியும் வரை தூக்குவது: ஒரு நிமிஷம் தூக்கி ஒரு நிமிஷம் ஓய்வாக மூன்று தரமும், பிறகு நிறுத்தாமல் தூக்கித் தூக்கி இறக்குவது 30 தரமும், ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆறு வாரம். இந்த மூன்றாவதை அமெரிக்காவில் ஷேக்கர் என்பவர் 1997-ல் வெளியிட்டார். 2002-ல், குழாய் வழியே உணவு பெற்று வந்த 27 பேரைக் கொண்டு அவர் செய்த சிறு பரீட்சையில் வாயால் உண்ணும் நிலை திரும்பியது. இதில் மருந்து இல்லை, யந்திரம் இல்லை, பாயும் தலையுந்தான் வேண்டும். ஆனால், எல்லாத் தொண்டைக்கும் ஒரே அப்பியாசம் பொருந்தாது. கழுத்தெலும்புக் கோளாறும் இருதயக் கோளாறும் உள்ளவர்களுக்குத் தலை தூக்குவது ஆகாது. மோவாயை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்குவது ஒருவருக்குப் புரையைத் தடுக்கும்; மற்றொருவருக்குத் தடுக்காது. ஆதலால் எது யாருக்கு என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

அப்படித் தெரிந்தவர்தான் பேச்சுப் பயிற்சி நிபுணர் என்பவர். திக்குவாய்க்காரருக்கும் ஊமைக் குழந்தைகளுக்குமே அவர் என்று நம்மவர்கள் நினைத்திருக்கின்றார்கள். பேசும் நாக்கும் தொண்டையுமே விழுங்குகிறவையும் ஆனதால் இந்த வேலை அவரைச் சேர்ந்தது. அமெரிக்காவில் ஜெரி லோகமன் என்னும் பெண்மணி, பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து அது இறங்கும் வழியை எக்ஸ்-ரேயில் ஓடும் படமாகப் பார்த்து, எந்த இடத்தில் எந்தத் தப்பு நேர்கின்றது என்று கண்டு, அதற்கேற்ற பயிற்சி கொடுக்கும் முறையை வகுத்து 1983-ல் புத்தகமாகவே எழுதினார். நமது பக்கத்திலேயே மைசூரில் 1965-ல் மத்திய சர்க்கார் பேச்சு - கேட்புக்கான அகில இந்திய நிறுவனத்தை ஏற்படுத்திப் பேச்சுப் பயிற்சி நிபுணர்களைத் தயாரித்து வருகின்றது. வித்தை வந்து சேர்ந்து இத்தனை வருஷமாகியும் கிராமத்து வீட்டுத் திண்ணைக்கு அது வந்து சேரவில்லை என்பதுதான் நமது குறை.

உணவு விஷயத்திலும் பழைய எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். "முடியாதவருக்குத் தண்ணீராகக் கொடு" என்பது நமது வீட்டு வைத்தியம். ஆனால் விழுங்குவதில் கோளாறு உள்ளவருக்குப் பல சமயம் கஷ்டமானது தண்ணீரே. அது வேகமாய் ஓடுவதால் தொண்டை தயாராகும் முன்பே இறங்கிவிடுகின்றது. ரசஞ்சோறு அதைவிட மோசம். வாயில் சோறு தங்க, ரசம் முன்னே ஓடிவிடும். பொரி, முறுக்கு, காய்ந்த புட்டு உதிர்ந்து சிதறும். கொழுக்கட்டை ஒட்டிக்கொள்ளும். நன்றாய்க் குழைத்து மசித்த சோறு, கட்டியில்லாத கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம் போன்றவை பலருக்கு ஒத்துக்கொள்ளும். உலகமெங்கும் ஒரே அளவாய் இருக்கட்டும் என்று 2013-ல் துவக்கிய முயற்சியால், தண்ணீர் முதல் சாதாரணச் சோறு வரை 0 முதல் 7 வரையில் எட்டுப் படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. கஞ்சி எந்தப் படி என்று பார்க்க ஊசி போடும் 10 மில்லிக் குழல் ஒன்றே போதும். அடியை விரலால் மூடி 10 மில்லிக் கோடு வரை கஞ்சியை ஊற்றி, விரலை எடுத்து 10 வினாடி ஓடவிட்டு மறுபடியும் மூட வேண்டும். மிஞ்சியது 1 மில்லிக்குக் கீழானால் அது தண்ணீருக்குச் சமம். 1 முதல் 4 வரை முதற்படி. 4 முதல் 8 வரை இரண்டாம் படி. 8-க்கு மேலானால் மூன்றாம் படி. (அந்தக் குழலில் 0 முதல் 10 வரையுள்ள கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.) நோயாளிக்கு எந்தப் படி என்பதை நிபுணர் சொல்லட்டும், அந்தப் படியில் கஞ்சி இருக்கின்றதா என்பதை அடுப்படியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கெட்டியாக்கிக் கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கருதுவதும் கூடாது. அமெரிக்காவில் மறதி நோயும் நடுக்குவாதமும் உள்ளவர்களிடம் செய்து 2008-ல் வெளியான பெரிய பரீட்சையில், கெட்டியாக்கிய நீர் கொடுத்ததால் நிமோனியா தீர்மானமாய்க் குறைந்ததாகத் தெரியவில்லை. உடம்பில் நீர் வற்றிப் போனவர்கள்தான் அதிகமானார்கள். தொண்டைக்கு மின்சாரம் கொடுக்கும் யந்திரம் ஒன்றைப் பக்கவாதக்காரரிடம் சோதித்து 2016-ல் வெளியான முடிவில் பயன் தென்படவில்லை. கழுத்தில் துளையிட்டு மூச்சு விடும் நோயாளிகளிடம் சோதித்து 2018-ல் வெளியான முடிவில் பயன் தென்பட்டது. ஆதலால் யந்திரத்தைக் கண்டு மயங்கி, நிலத்தை விற்றுப் பணம் கட்ட எவரும் ஓட வேண்டாம். யாரிடம் சோதித்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று புறாக்காரரைக் கேட்ட கேள்வியையே யந்திரக்காரரையும் கேளுங்கள்.

இனி, மூக்கில் போடும் குழாயைப் பற்றிச் சிறிது சொல்லுவோம். குழாய் போட்டால் சாவுக்கு அறிகுறி என்று சிலர் பிடுங்கி எறிகின்றார்கள். குழாய் போட்டாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று சிலர் வருஷக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகின்றார்கள். இரண்டும் தப்பு. விழுங்க வராத நாட்களில் பட்டினியால் சாகாமல் காப்பாற்றுவது குழாயே. ஆனால் குழாய் இருப்பதனால் நிமோனியா வராது என்பதில்லை. நோயாளியின் எச்சிலே புரையேறும். அந்த எச்சிலில் அழுக்கு வாயின் கிருமிகள் இருக்கும். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பல் துலக்கி வாயைச் சுத்தம் செய்து வந்தவர்களுக்கு நிமோனியா குறைந்தது என்று 1999-ல் வெளியிட்டார்கள். வாயால் சாப்பிடாதவருக்குப் பல் துலக்குவானேன் என்று நம் வீடுகளில் கேட்கின்றார்கள். அவருக்குத்தான் முக்கியமாய்த் துலக்க வேண்டும்.

மற்றொரு விஷயம் நமக்கு மிகவும் முக்கியமாய்த் தோன்றுகின்றது. யாருக்கு நிமோனியா வருகின்றது என்று அமெரிக்காவில் வயதானவர்களைத் தொடர்ந்து கவனித்து, 1998-ல் சூசன் லாங்மோர் என்பவரும் கூட்டத்தாரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்வரிசையில் வந்த காரணங்களில் ஒன்று, தன் கையால் உண்ணாமல் பிறர் ஊட்டி உண்பது என்பதாகும். ஊட்டுகிறவர் தன் அவசரத்துக்கு ஊட்டுகின்றார். உண்கிறவர் தன் நேரத்துக்கு விழுங்க முடிவதில்லை. ஆகையால், விழுங்கலாம் என்று பரீட்சித்து உத்தரவு கிடைத்த பின், நிமிர்ந்து உட்கார வைத்து, விழித்திருக்கும் நேரம் பார்த்து, விழாத கையில் கரண்டியைக் கொடுங்கள். சிந்தினால் சிந்தட்டும். ஒரு வாய் விழுங்கி முடிந்த பின் மறு வாய் போகட்டும். சாப்பிட்டு அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். நேற்றுவரை பத்துப் பேருக்குச் சோறு போட்ட மனிதன் இன்று வாயைத் திறந்து காட்டிக்கொண்டு மல்லாந்து கிடப்பது அவனுக்கு வியாதியை விடப் பெரிய துன்பமாகும். தன் வாய்க்குத் தன் கையால் ஒரு கரண்டி கொண்டுபோவது அவனுக்கு மருந்தும் ஆகின்றது, மானமும் ஆகின்றது.

இவ்வளவையும் செய்வது யார்? பெண்டாட்டி, மகள், மருமகள். கூழ் காய்ச்சுவது, அளந்து பார்ப்பது, பல் துலக்குவது, அரைமணி நேரம் பக்கத்தில் உட்காருவது எல்லாம் பெண்கள் தலையில்தான் விழுகின்றன. தகப்பனார் தொண்டைக்கு மகன் கை ஆகாது என்று எந்த வைத்திய சாஸ்திரத்திலும் எழுதி வைக்கவில்லை. பால் ஊற்ற முதல் ஆளாய் வந்து நிற்கும் மகன், பல் துலக்கவும் முதல் ஆளாய் வரட்டும் என்றே சொல்லுகின்றோம்.

வீட்டார் கடமை இப்படியிருக்க, சர்க்கார் கடமை என்ன? ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்து 19 பக்கவாதப் பிரிவுகளில், காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் ஒழுங்காய்க் கவனிக்க நர்சுகளுக்குக் கற்றுக்கொடுத்துச் செய்து பார்த்த பரீட்சையின் முடிவு 2011-ல் வெளியாயிற்று. 90-ம் நாளில் இறந்தோ, பிறர் தயவில் கிடந்தோ இருந்தவர்கள், அப்படிக் கற்றுக்கொடுத்த இடங்களில் 100-க்கு 42 பேர்; கற்றுக்கொடுக்காத இடங்களில் 58 பேர். புது மருந்து எதுவும் இல்லை. நர்சுகளின் கையும் ஒரு காகித விதியுமே மூலதனம். இது தாலூகா ஆஸ்பத்திரியில் ஏன் முடியாது? பக்கவாதத்தோடு வந்தவருக்கு விழுங்கும் பரீட்சை செய்யாமல் ஒரு வாய்த் தண்ணீரோ மாத்திரையோ கொடுப்பதில்லை என்ற விதியை ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் கட்டிலுக்கு மேல் எழுதி வைப்பதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் துவக்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையையும், கை கால் விழுந்தவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் ஏற்பாடு. மடங்கிய முழங்காலை நீட்டப் போகிறவர் தொண்டையையும் பார்க்கக் கற்றிருந்தால் என்ன நஷ்டம்? 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. விழுங்க முடியாமை அதில் தனி வகையாக இல்லை. நடக்க முடியாதவனுக்கு ஒரு கணக்கு இருக்கும்போது, உண்ண முடியாதவன் ஏன் கணக்கில் வரக்கூடாது?

ஆதலால் தோழர்களை நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். உங்கள் வீட்டில் பக்கவாதம் கண்டவர் இருந்து, அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும் நாளில் மருந்துச் சீட்டை மாத்திரம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். "விழுங்கும் பரீட்சை செய்தீர்களா? எந்தப் படி உணவு? என்ன அப்பியாசம்? யார் கற்றுக் கொடுப்பார்கள்? குழாயை எடுப்பதற்கு மறுபடியும் எப்போது பார்ப்பீர்கள்?" என்று ஐந்து கேள்விகளையும் நின்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு ஊரில் பத்துக் குடும்பம் இப்படிக் கேட்டால் பதினோராவது குடும்பத்துக்குப் பதில் சொல்ல ஆள் வந்தே தீரவேண்டும். கேட்காதவரையில் புறாக்களுக்கும் நிம்மதி இல்லை. நோயாளிக்கும் சோறு இல்லை.